யாரும் நுழையாத அறைகள்

ஆகஸ்ட் 3, வியாழன்

படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் ரெஜினா சொல்லிப் பதினோரு நாளாகிறது. கக்கூஸுக்குப் போகலாம், குளிக்கலாம், சாப்பிட உட்காரலாம். மற்ற நேரமெல்லாம் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது. இன்றோடு இருபத்தெட்டு வாரம் முடிந்தது.

ஆடிப்பெருக்கு என்று அத்தை தேங்காய்ச் சோறும் எலுமிச்சைச் சோறும் கிளறினார். என் வீட்டுக்காரர் பூபதியின் அம்மா. என்னைப் பார்த்துக்கொள்ளப் பல்லடத்திலிருந்து வந்து இந்தக் கணபதி ஏரியா வீட்டில் அடைந்து கிடக்கிறார், பாவம். "எந்திரிக்க வேண்டாங்கண்ணு, படுத்த மேனிக்கே சாமியக் கும்புட்டுக்க" என்றார். கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று எழுத மாட்டேன்.

டாக்டர் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். தினமும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு படுத்துக்கொண்டு வயிற்றில் அசைவை எண்ண வேண்டும். பத்து வந்ததும் அன்றைய கட்டத்தில் எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் யோசிக்காமல் கிளம்பி வர வேண்டும். பூபதி அதைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜில் மாட்டினார். ஃப்ரிட்ஜ் என் கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கண்ணைத் திறந்தால் அந்த அட்டைதான்.

இன்று பத்து.

ஆகஸ்ட் 5, சனி

"ஏங்கண்ணு, இதே புஸ்தகத்த எத்தன வாட்டி படிப்ப? பரிச்சையா எழுதப் போற?" என்று அத்தை கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நேரம்தான் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே.

கல்யாணத்துக்கு முன்னால் பீளமேட்டில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வெளிநாட்டுப் புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கிற வேலை. பெரும்பாலும் மருத்துவம், சட்டம். ஒருநாள் முந்நூற்று இருபது பக்கத்துக்கு ஒரு விளையாட்டுப் புத்தகம் வந்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டு, பகடை உருட்டி, வாயாலேயே கதை நடத்துகிற விளையாட்டு. ஒருவர் மட்டும் புத்தகத்தைப் பார்த்து, கதவுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்வார். திறக்கலாமா வேண்டாமா என்பது மற்றவர்கள் பாடு. அப்புறம் பகடை விழுகிறபடி நடக்கும்.

பிழை பார்க்க மறந்து படித்துக்கொண்டே இருந்தேன். டீம் லீடரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது அப்படிப்பட்ட புத்தகம் முப்பத்தொன்று இருக்கிறது. ஒன்றைக்கூட ஆடியதில்லை. வீட்டில் ஒரு பகடைகூடக் கிடையாது.

இப்போது படித்துக்கொண்டிருப்பது ஓர் உப்புச் சுரங்க ஊரைப் பற்றியது. வீடு வீடாக, அறை அறையாகக் குறிப்பு இருக்கிறது. தபால்காரர் இடதுகாலை இழுத்து நடப்பார். அவர் பையில் கொடுக்காத கடிதம் ஏழு. ரொட்டிக்கடைக்காரிக்கு நாயென்றால் பயம். கோபுரத்தின் பதினேழாம் அறையில் ஆறு எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. யாராவது உள்ளே காலெடுத்து வைத்தால் எழுந்து நிற்கும். வைக்காவிட்டால் கிடக்கும்.

நாவல் படிக்க எனக்கு இப்போது தைரியமில்லை. நாவலில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, இருநூறாம் பக்கத்தில் யார் சாக வேண்டுமோ அவர் செத்தே ஆக வேண்டும். இந்தப் புத்தகங்களில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. யாராவது கதவைத் திறக்கும்வரை ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அதைப் படிக்கும்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது.

இன்று பத்து.

ஆகஸ்ட் 9, புதன்

பழைய கம்பெனியில் கூட இருந்த நௌஷாத் போன் செய்தான். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கூட்டத்தோடு இந்த விளையாட்டை ஆடுகிறவன். "அக்கா, படுத்துக்கிட்டேதான இருக்கீங்க? வீடியோ கால்ல வாங்க. அந்த உப்பு ஊரையே ஆடலாம். நீங்க நடத்துங்க, அந்தப் புஸ்தகம் உங்களுக்கு மனப்பாடமாச்சே" என்றான்.

முடியாது என்றேன். ஏன் என்று குடைந்தான். வைடா போனை என்று சொல்லிவிட்டேன். நல்ல பையன்தான், வயிற்றெரிச்சலைக் கிளப்பாமல் இருந்தால் இன்னும் நல்லவன்.

இராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது பூபதியும் அதையே பிடித்துக்கொண்டார். "சமையல் புஸ்தகத்தப் பூராப் படிச்சுப்போட்டுப் பட்டினி கெடக்கற மாதிரி இருக்குது அம்மிணி நீ பண்றது."

"எனக்குப் பசிக்கல மாமா, விடுங்க."

ஆடினால் பகடை உருளும். உருண்டால் யாராவது சாவார்கள். இதைச் சொன்னால் சிரிப்பார். சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தாலும் பார்ப்பார், அது இன்னும் மோசம்.

பத்து.

ஆகஸ்ட் 12, சனி

அத்தைக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. ஆவணி பிறந்ததும் கட்டுச்சோறு வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தார். ஏழாம் மாதம் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வகைச் சோறு கிளறிக் கட்டிக்கொண்டு வந்து, மாசமாக இருக்கிறவளுக்கு வளையல் பூட்டி, ஊட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம். "பெருசா வேண்டாம். நம்ம ஒறம்பரைல பத்துப் பேரு. நீ படுத்துக்கிட்டே வளையல் போட்டுக்க" என்றார்.

"ஒருத்தரும் வரக்கூடாதுங்கத்தை. வந்தா நான் கதவச் சாத்திக்குவேன்."

"வயித்துப் புள்ள வளச் சத்தம் கேக்கணும் கண்ணு."

"போன வாட்டி கேட்டதில்லீங்களா? என்னாச்சு?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அத்தை அடுப்படிக்குப் போனார். அங்கே பாத்திரம் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது. அது என் குற்றமா?

போன தடவை முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது வகைச் சோறு. தேக்கில் தொட்டில் வாங்கி, பூபதி அதற்கு ரெண்டு கோட் வார்னிஷ் அடித்தார். இரண்டு கைக்கும் வளையல் முழங்கைவரை ஏறியிருந்தது. பதினாறாம் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதையெல்லாம் சோப்புப் போட்டுக் கழற்றினாள்.

இதற்கு மேல் எழுத வேண்டாம். பத்து.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஸ்கேன். காரில் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிப் போனார்கள். மருதமலைச் சாமி, காரமடைச் சாமி என்று அத்தை முன்சீட்டில் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

குழந்தையின் எடை கொஞ்சம் குறைவாம். தொப்புள்கொடிக்குள் ஓடுகிற இரத்தமும் கொஞ்சம் குறைவாம். குழந்தையின் நுரையீரலுக்கென்று எனக்கு ஓர் ஊசி போட்டார்கள், நாளைக்கு இன்னொன்று. முன்கூட்டியே எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். "இனிமே அந்த அட்டைதான் கோகிலவாணி எனக்கு முக்கியம். வாரம் ஒருதடவைதான் நான் பார்க்க முடியும். தினமும் பார்க்கிறது நீங்கதான்."

தலையை ஆட்டினேன். 

நான் எதற்குத் தினமும் பார்க்க வேண்டும்? எண்ண ஆரம்பிக்கிறேன். ஒன்று வருகிறது. இரண்டாவது வருமா என்று காத்திருக்கும் அந்த நேரத்தை எந்த எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

பத்து.

ஆகஸ்ட் 21, திங்கள்

பத்து. வெயில்.

ஆகஸ்ட் 23, புதன்

மத்தியானம் உப்பு ஊரில் அறுபது பக்கம் நடந்தேன். சத்திரக்காரரின் மாடி, பாதிரியாரின் நிலவறை, மாவு மில். மில்லுக்காரரின் மகளுக்குக் காய்ச்சல், மேலே பரணில் படுத்திருக்கிறாள். வயது ஒன்பது. யாராவது ஏணியில் ஏறிப்போய்ப் பார்த்தால்தான் மற்றது. நான் ஏறவில்லை. பக்கத்தைத் திருப்பிச் சந்தைக்குப் போய்விட்டேன்.

பத்து. சாப்பிட்டவுடனே எழுதிவிட்டேன், அத்தை அட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று.

ஆகஸ்ட் 26, சனி

இன்றும் பத்து. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.

பூபதிக்கு அரைநாள் லீவு. என் காலைப் பிடித்துவிட்டார். வயிற்றின்மேல் கையை வைத்து, "என்ன, தூங்கறாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். கையைக் கொஞ்சநேரம் அங்கேயே வைத்திருந்தார். நான் தண்ணீர் கேட்டேன், எடுக்கப் போனார்.

நாளாக நாளாகக் குழந்தைக்கு உள்ளே இடம் பத்தாது, அசைவு தெரியாது என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். யார் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அத்தை ஐஸ் போட்டுச் சாத்துக்குடிச் சாறு கொடுத்தார். "குளுகுளுன்னு உள்ள போனா புள்ள துள்ளும் பாரு" என்று எதிரே உட்கார்ந்தார். குடித்தேன். காத்திருந்தார். "துள்ளுச்சா?"

"ம்" என்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. 

போன தடவை நான்தான் சொன்னேன். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, "மாமா, நேத்திருந்து அசைவே காணோம்" என்று என் வாயால் சொன்னேன். சொன்ன ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் துடிப்பைக் கேட்கிற இயந்திரத்தை வயிற்றில் வைத்தார்கள். அங்கே வைத்தார்கள், இங்கே வைத்தார்கள். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்கள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று மத்தியானம்வரைக்குமாவது அவன் இருந்திருப்பான். எனக்கு இருந்திருப்பான். சொன்னதும் முடிந்துபோனான்.

இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியாமல் இல்லை. நான் படித்தவள், மருத்துவப் புத்தகத்துக்கே பிழை பார்த்தவள். இருந்தாலும் இந்த நாக்கு எழ மாட்டேன் என்கிறது.

அட்டையில் பத்து.

ஆகஸ்ட் 28, திங்கள். காலை

பூபதி ஃபவுண்டரி வேலைக்குப் போய்விட்டார். அத்தை மாடியில் துணி காயப்போடுகிறார். உப்பு ஊரின் கடைசிப் பக்கங்களைப் படிக்கிறேன். பின்னிணைப்பு, அட்டவணைதானே என்று இத்தனை வருஷமும் தள்ளிவிட்டுப் போன பகுதி. அதன் தலைப்பு: யாரும் வராவிட்டால்.

வேஷம் கட்டுகிறவர்கள் இந்த ஊருக்கு வரவே இல்லை என்றால் ஊரில் என்னென்ன ஆகும் என்று நாள்வாரியாகப் போட்டிருக்கிறது. முதல் நாள் சந்தை கலையும். இரண்டாம் நாள் தபால்காரர் ஊரைவிட்டுப் போவார். மூன்றாம் நாள், பொழுது சாயும்முன், மில்லுக்காரரின் மகள் இறந்துபோவாள். நாலாம் நாள் ரொட்டிக்கடை திறக்கும்.

நாலு வாட்டி படித்தேன்.

ஏணியில் யாரும் ஏறவில்லை. கதவை யாரும் திறக்கவில்லை. பகடையும் உருட்டவில்லை. அவள்பாட்டுக்குச் செத்துப்போகிறாள், அதை ஒரே வரியில் போட்டுவிட்டு அடுத்த வரியில் ரொட்டி விற்கிறார்கள். பதினான்கு வருஷமாக இந்தப் புத்தகங்களைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் பொய்.

வெள்ளிக்கிழமை ஆறு. சனிக்கிழமை நாலு. நேற்று இரண்டு, அதில் ஒன்று வாயுவாகக்கூட இருக்கலாம். இன்று விடிந்ததிலிருந்து ஒன்றுமில்லை.

அத்தை படியிறங்கி வருகிறார். சொல்லப்போகிறேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

ஆஸ்பத்திரி. உட்கார்ந்து எழுதினால் வயிற்றுத் தையல் இழுக்கிறது. அன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

"அத்தை, அசைவு இல்லீங். மூணு நாளா கொறஞ்சுட்டே வந்துச்சு" என்றேன். கையிலிருந்த காலி வாளியை அப்படியே தரையில் வைத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு சாமியைக் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கத்திக் கூப்பிட்டார். என்னைத் தோளோடு அணைத்து வாசலுக்குக் கொண்டு வந்தார். அறுபத்து நாலு வயதில் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ.

ஆஸ்பத்திரியில் அந்த இயந்திரத்தை வைத்தார்கள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். டாக்டர் ரெஜினா என் வலது கையைப் பிடித்து இறக்கினார். "கேளுங்க, துடிப்பு இருக்கு. இறங்கி இறங்கி ஏறுது, ஆனா இருக்கு. இப்பவே எடுக்கணும்."

"எத்தனை நாளா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தியேட்டர் ரெடி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் ஒன்று பத்துக்குப் பெண் குழந்தை. ஒரு கிலோ இருநூற்று நாற்பது. ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. உடனே எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்.

செப்டம்பர் 2, சனி

பூபதி வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வந்தார். கூடவே அந்த அட்டையையும் எடுத்து வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே கேட்டார்.

"சனிக்கெழம பத்து. ஞாயித்துக்கெழம பத்து. அன்னிக்கு நான் கை வெச்சுப் பாத்தப்பவும்..."

"ஆமாங்."

"அப்ப இது பூராப் பொய்யி."

"கடைசி மூணு நாளும் பொய். அதுக்கு முந்தி பாதி நாள் எண்ணவே இல்ல."

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை, போன தடவைகூட. "என்ற புள்ளையும்தான கோகிலா அது" என்றார். எப்போதும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து இட்லி வாங்கிக்கொண்டு வந்து, பிட்டு, என் கையில் கொடுத்தார்.  நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் தினமும் நாலுதடவை உள்ளே போய்க் குழந்தையைப் பார்க்கிறார். போட்டோ எடுத்து வந்து காட்டினார். நான் போனைத் திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்னும் போகவில்லை. நடக்கச் சொல்லிவிட்டார்கள், நடக்கிறேன். தாழ்வாரத்தின் கடைசியில் அந்தக் கண்ணாடிக் கதவுவரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

பாலை மட்டும் பிழிந்து அனுப்புகிறேன். இருபது சொட்டு இருக்கும்.

செப்டம்பர் 4, திங்கள்

குழந்தைகள் பிரிவிலிருந்து சிஸ்டர் ஷைனி என் கட்டிலுக்கே வந்துவிட்டார். கோட்டயத்துக்காரர், உருண்டையான முகம், பொறுமை கொஞ்சம்கூடக் கிடையாது. "ஏழு நாளாச்சு. குழந்தையோட அம்மா யாருன்னு எனக்கே சந்தேகம் வருது. எழுந்திரிங்க."

"எனக்குப் பயமா இருக்குது சிஸ்டர்."

"அங்க இருக்கிற பதினொரு அம்மாவுக்கும் பயம்தான். கை கழுவிட்டு பயப்படலாம், வாங்க."

முழங்கைவரை கழுவச் சொன்னார். கவுன் மாட்டிவிட்டார்.  அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்றார். பூபதி வேலைக்குப் போயிருந்தார். ஏழாம் நம்பர் பெட்டி. மேலே ஒட்டியிருந்த சீட்டில் என் பெயர்தான் இருந்தது, கோகிலவாணியின் குழந்தை என்று.

என் உள்ளங்கை நீளம்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதைவிடப் பெரியவள். பூபதியின் நெற்றி. மூக்கில் குழாய். விலா எலும்பு ஏறி இறங்குவது தெரிந்தது. பக்கவாட்டில் இருக்கும் வட்டமான திறப்பு வழியாகக் கையை விடச் சொன்னார் சிஸ்டர். விட்டேன், தொடவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. இவ அப்பப்ப மூச்சு விட மறந்துபோவா. மாசம் ஆகாத குழந்தைங்க அப்படித்தான். நேத்து ஒன்பது தடவை. அந்தத் திரையில ஆக்சிஜன் நம்பர் இறங்கும், மணி அடிக்கும். உள்ளங்காலைச் சுண்டினா ஞாபகம் வந்துரும்." இதைச் சொல்லிவிட்டு அவர் நாலாம் பெட்டிக்குப் போனார், அங்கே ஒரு குழந்தைக்கு ஊசி மாற்ற வேண்டியிருந்தது.

நான் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. ஏறவில்லை.

மணி இன்னும் அடிக்கவில்லை. திரையில் தொண்ணூற்று நாலு என்று இருந்தது. தொண்ணூற்றொன்று.  ஓடிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். எண்பத்தாறு. மணி அடித்தது.

"சிஸ்டர், மூச்சு நின்னுடுச்சு" என்றேன். அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"என் கையில ஊசி இருக்கு. நீங்க சுண்டுங்க" என்றார் அங்கிருந்தே.

அவளுடைய உள்ளங்கால் என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. சுண்டினேன். ஒன்றும் ஆகவில்லை. எண்பத்திரண்டு. இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக. கால் வெடுக்கென்று உதைத்துக்கொண்டு உள்ளே போனது. முகம் சுருங்கியது. விலா ஏறியது.

தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று என்று எண் ஏறுகிறவரை அந்தக் காலை விடவில்லை. சிஸ்டர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு வாரத்துக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். அத்தை கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பயம் துளிகூடக் குறையவில்லை. மூன்று மணி நேரம் அங்கேயே நின்றேன். நான் வெளியே வருவதற்குள் இன்னும் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் நான்தான் சுண்டினேன்.